அலசும்போது மட்டும் பீப் அடித்து நிற்கும் வாஷிங் மெஷின்: போர்டு மாற்றத்தான் வேண்டுமா?

தண்டையார்பேட்டை மாடிவீடு கேட்கிறார்:

வணக்கம். எங்களுடையது ஆறரை கிலோ டாப் லோடு, முழு ஆட்டோமேட்டிக். வாரண்டி முடிந்துவிட்டது. பொங்கலுக்கு அப்புறம் ஒரு தொல்லை ஆரம்பித்திருக்கிறது. துவைப்பது வரை ஒழுங்காகத்தான் துவைக்கிறது. சோப்புத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, அலசுவதற்குத் தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் விடாமல் பீப் அடித்து நின்றுவிடுகிறது. திரையில் நிமிஷக் கணக்குக்குப் பதிலாக ஏதோ இரண்டு எழுத்து மின்னுகிறது. ஸ்டார்ட் பட்டனை அமுக்கினால் சில நாள் ஓடும், சில நாள் மறுபடி கத்தும். சோப்பு நுரையோடு துணி உள்ளேயே கிடக்கும், கடைசியில் கையால்தான் அலசுகிறேன்.

சர்வீஸ் ஆள் வந்தார். பின்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பட்டனை இரண்டு தட்டு தட்டிவிட்டு, மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டு போய்விட்டது, 6,000 ரூபாய்க்கு மேல் ஆகும் என்று சொல்லிப் போய்விட்டார். போர்டு போயிருந்தால் துவைக்க மட்டும் எப்படி ஓடும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எருக்கஞ்சேரிக்காரர்:

போர்வை, லுங்கி எல்லாம் ஒரே பக்கம் சுருண்டிருக்கும். மூடியைத் திறந்து பிரித்துப் போடுங்கள். மெஷின் கால் நாலும் தரையில் சமமாக நிற்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் வீட்டில் அதுதான் காரணம்.

தண்டையார்பேட்டை மாடிவீடு:

பிழிகிற கட்டத்துக்கே போகவில்லை அண்ணா. தண்ணீர் பிடிக்கும்போதே கத்துகிறது. ரெண்டே சட்டை போட்டாலும் இதே கதைதான்.

காசிமேடு:

கடல் பக்கம் இருந்தால் இதெல்லாம் சகஜம்மா. உப்புக் காற்றில் மூடி சுவிட்ச், பட்டன் எல்லாம் பூத்துப் போகும். எங்கள் வீட்டு மெஷின் யாரும் தொடாமலேயே பீப் அடிக்கும். மூடியைத் தூக்கித் திரும்ப அழுத்தி மூடினால் அடங்கும். நீங்களும் செய்து பாருங்கள்.

வியாசர்பாடி மெக்கானிக்:

காசிமேட்டுக்காரர் சொல்வது நடக்கிற விஷயம்தான். ஆனால் அது எந்தக் கட்டத்தில் வேண்டுமானாலும் வரும், அலசலுக்காகக் காத்திருந்து வராது. இவர்களுக்கு ஒரே இடத்தில் வருகிறது. அதை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

அக்கா, முதலில் அந்த இரண்டு எழுத்தைப் பாருங்கள். எல்ஜியில் ஐ-ஈ, சாம்சங்கில் 4-ஈ அல்லது 4-சி என்று வந்தால் தண்ணீர் உள்ளே வரவில்லை என்று அர்த்தம். ஓ-ஈ, 5-ஈ என்றால் தண்ணீர் வெளியே போகவில்லை. யூ-ஈ என்றால் எருக்கஞ்சேரி அண்ணன் சொன்ன துணிச் சுருட்டல். மற்ற கம்பெனிகளில் எழுத்து மாறும், மேனுவலின் கடைசிப் பக்கங்களில் இருக்கும்.

தண்ணீர் உள்ளே வரவில்லை என்கிற எழுத்து என்றால் ஒரு சோதனை. மெஷின் கத்தி நிற்கும்போது மூடியைத் திறந்து, வாளியில் தண்ணீர் எடுத்து நேராக டிரம்மில் ஊற்றுங்கள். துணி மூழ்கும் அளவுக்கு ஊற்றி, மூடியை மூடி ஸ்டார்ட் அமுக்குங்கள். மெஷினுக்குத் தண்ணீர் குழாயிலிருந்து வந்ததா வாளியிலிருந்து வந்ததா என்று தெரியாது. தொட்டிக்கு அடியிலிருந்து ஒரு சின்ன டியூப் மேலே சென்சாருக்குப் போகும். தண்ணீர் ஏற ஏற அந்த டியூபில் அடைபட்ட காற்று அழுத்தும், அதை வைத்துத்தான் மட்டம் தெரிகிறது. வாளித் தண்ணீரில் அலசல் ஓடிவிட்டால் மோட்டாரும் சரி, சென்சாரும் சரி. கோளாறு தண்ணீர் வரும் வழியில்தான். அதன் பிறகு யாராவது போர்டு என்றால் எந்த அடிப்படையில் என்று கேளுங்கள்.

டேங்க் எங்கே இருக்கிறது, எத்தனை வீட்டுக்குப் பொது என்றும் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை மாடிவீடு:

அண்ணா, தண்ணீர் எழுத்துதான். வாளியில் ஊற்றியதும் ஒன்றுமே நடக்காத மாதிரி அலசிப் பிழிந்து முடித்துவிட்டது! மாமியாருக்கு ஒரே சிரிப்பு.

நாங்கள் இருப்பது கடைசி மாடி. டேங்க் நேர் தலைக்கு மேல், மொட்டைமாடியில் ஒரு சின்னத் திண்டு மேல் இருக்கிறது. மூன்று வீட்டுக்குப் பொது. மெட்ரோ தண்ணீர் சம்பில் பிடித்து, விடிகாலையில் மோட்டார் போட்டு ஏற்றுவார்கள். நான் மிஷின் போடுவது எல்லோரும் குளித்து முடித்த பிறகு, ஒன்பது மணிவாக்கில்.

வியாசர்பாடி மெக்கானிக்:

அப்போ பாதி விஷயம் அதிலேயே இருக்கிறது. பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீர்தான் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் கொடுக்கும். உங்கள் மெஷின் குழாயிலிருந்து டேங்க் அடிப்பாகம் வரை இரண்டரை மீட்டர் இருந்தால் பெரிசு. டேங்க் நிறைந்திருந்தால் இன்னும் ஒரு மீட்டர். ஆக நிறைந்தால் 0.35 பார், காலியாகும் நேரத்தில் 0.25. நிறைய மெஷின்களுக்குக் குறைந்தது 0.3, சிலதுக்கு 0.5 பார் வேண்டும் என்று போட்டிருப்பார்கள். கீழ்வீட்டுக்காரர்களுக்கு இந்தப் பிரச்சினையே வராது, தண்ணீர் பிய்த்துக்கொண்டு கொட்டும். மேல்மாடிக்குத்தான் இந்தச் சாபம். துவைக்கும்போது எப்படியோ நிறைந்துவிடுகிறது. அலசல் வருவதற்குள் டேங்க் இன்னும் இறங்கிவிடும், யாராவது கீழே குழாயையும் திறந்திருப்பார்கள். குறிப்பிட்ட நேரத்துக்குள் மட்டம் ஏறவில்லை என்றால் மெஷின் காத்திருக்காது, கத்திவிடும்.

ஆனால் டேங்க் இன்றைக்கு வந்ததில்லையே, பொங்கல் வரை ஓடியதே? அதனால் அடைப்பும் சேர்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடிவிட்டு, மெஷின் பின்னால் ஹோஸைக் கழற்றுங்கள். வால்வு வாயில் விரல்நுனி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் சல்லடை இருக்கும். நடுவில் உள்ள காதை நோஸ் பிளையரால் பிடித்து நேராக இழுங்கள், திருகாதீர்கள். பழைய டூத் பிரஷ் போதும். வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் எலுமிச்சைச் சாற்றில் கொஞ்ச நேரம் ஊறப் போடுங்கள். சல்லடை இல்லாமல் மட்டும் மெஷினை ஓட்டாதீர்கள், மண் வால்வுக்குள் போனால் அப்புறம் தண்ணீர் நிற்காமல் சொட்டும்.

தண்டையார்பேட்டை மாடிவீடு:

எடுத்துப் பார்த்தேன். சல்லடையின் ஓட்டையே தெரியவில்லை அண்ணா. செம்மண் நிறத்தில் வழவழவென்று ஒரு பூச்சு, அதற்குள் கறுப்பு மணல், நீல நிறத்தில் பிளாஸ்டிக் சீவல் மாதிரி ஒன்று. டிசம்பரில் டேங்க் கழுவினார்கள், அப்போது கலங்கியதோ என்னவோ. ஹோஸ் மாட்டியிருக்கும் சுவர்க் குழாய், அந்த ஆங்கிள் காக் கூடப் பாதிதான் திறந்தது, கடைக்காரரிடம் புதிது வாங்கி மாட்டினோம். இப்போது காலையில் போட்டால் சத்தமே இல்லை. ஒன்பது மணிக்குப் போட்டால் எப்போதாவது கத்துகிறது.

திருவொற்றியூர் தேரடி:

பேசாமல் ஒரு பிரஷர் பம்ப் மாட்டிவிடுங்கள். நாங்கள் அப்படித்தான்.

வியாசர்பாடி மெக்கானிக்:

வாடகை வீட்டில் அது கடைசி வழி சார். டேங்க் காலியானதும் பம்ப் வெறுமனே ஓடினால் அது வேறு செலவு. வீட்டுக்காரரிடம் பேசி, டேங்கிலிருந்து மெஷினுக்கு மட்டும் தனியாக முக்கால் இஞ்ச் பைப் இறக்கச் சொல்லுங்கள் அக்கா. பாத்ரூம் லைனிலிருந்து பிரித்த அரை இஞ்சில் யார் குழாய் திறந்தாலும் உங்களுக்கு நூல் மாதிரித்தான் வரும். அதுவரை மோட்டார் போட்டதும் துணியைப் போட்டுவிடுங்கள். மெஷினில் தண்ணீர் மட்டம் குறைக்கும் பட்டன் இருந்தால், துணி கொஞ்சமாக இருக்கும் நாளில் அதையும் வையுங்கள்.

கொருக்குப்பேட்டை:

அண்ணா, எங்கள் வீட்டில் ஓ-ஈ வருகிறது. நானும் இந்தச் சல்லடையைக் கழுவட்டுமா?

வியாசர்பாடி மெக்கானிக்:

வேண்டாம் தம்பி, உங்களுக்குத் தண்ணீர் வெளியே போகவில்லை. டிரெயின் ஹோஸ் எங்காவது மடங்கியிருக்கிறதா, சாக்கடைக் குழிக்குள் முங்கிக் கிடக்கிறதா என்று பாருங்கள். சரியாகவில்லை என்றால் மாடல் நம்பரோடு தனியாகப் போடுங்கள்.