கொடுவா: முக்கி எடுத்த தடுப்பு மருந்து தாங்கவில்லை, அடுத்து ஊசியா?

வணக்கம். பழவேற்காடு பக்கம் உவர்நீர்க் குளத்தில் கொடுவா மீன் வளர்க்கிறேன். ஜனவரியில், குஞ்சுகள் 4 கிராம் இருந்தபோது, கொல்லப்பட்ட விப்ரியோ (மீனுக்கு நோய் தரும் பாக்டீரியா) கிருமி கலந்த தடுப்பு மருந்துக் கரைசலில் 60 விநாடி முக்கி எடுத்தோம். இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து தினமும் 15, 20 மீன்கள் செத்து மிதக்கின்றன.

வால் துடுப்பு அரித்துப்போய், வயிற்றில் சிவப்புப் புண். நேற்று ஒன்றைக் கையில் எடுத்து செவுளைத் தூக்கினேன், ரத்தமே ஓடாத மாதிரி வெளிறிக் கிடந்தது. விரல் பட்ட இடத்தில் செதில் உதிர்ந்தது. பார்க்கவே மனசு கேட்கவில்லை.

ஆய்வகம் விப்ரியோ என்றே சொன்னது, மூளையையும் கண்ணையும் தாக்கும் நோடா வைரஸ் இல்லை. உப்பு 22 பிபிடி (ஆயிரத்தில் 22 பங்கு), நீர் 31 டிகிரி, மீன் இப்போது 60 கிராம், சுமார் 3,000 இருக்கும்.

தண்ணீர் மாற்றினேன், நெரிசலைக் குறைத்தேன், காற்றூட்டியைக் கூட்டினேன். தீவனத்தில் தடுப்பு மருந்து கலந்து 10 நாள் கொடுத்தும் பலனில்லை. இரைப்பை அமிலத்திலேயே அது சிதைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

முக்கி எடுப்பது செவுளிலும் தோலிலும்தான் அதிகம் எதிர்ப்பைத் தூண்டும், சீக்கிரம் தணியும் என்று தெரியும். எண்ணெய் கலந்த ஊசி வயிற்றறையில் தேங்கி மெல்லக் கசிவதால் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் நெடுநாள் நிற்கும். ஆனால் உள்ளுறுப்புகள் ஒட்டிக்கொண்டு வளர்ச்சி குறையலாம். அதுதான் பயம்.

நோய் அடங்கியதும் இந்த மீன்களுக்கு எண்ணெய் ஊசி போடுவதா, மறுபடி முக்கி எடுப்பதா? கொடுவாவில் செய்து பார்த்தவர்களே, எது அறுவடை வரை தாங்கியது?