வோர்ட்டெக் 350 இன்ஜினில் கேம் மாற்றம்: ராக்கர் விகிதம் 1.5 போதுமா, 1.6 வேண்டுமா? எந்த ஸ்பிரிங்?

கேள்வி

வணக்கம். என்னுடைய 1998ஆம் ஆண்டு செவ்ரலே பிக்கப்பில் எல்31 எனப்படும் 5.7 லிட்டர் வோர்ட்டெக் இன்ஜின் உள்ளது. பிஸ்டன், பேரிங் எல்லாம் நல்ல நிலையில் இருப்பதால், ஹெட்டுகளை (வால்வுகள் உள்ள மேல்பாகம்) கழற்றாமல், வால்வுகளைத் திறக்கும் ஹைட்ராலிக் ரோலர் கேம் ஷாஃப்டை மட்டும் மாற்ற எண்ணியிருக்கிறேன். புதிய கேமின் லோப் (வால்வைத் தூக்கும் மேடு) உயரம் இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வு இரண்டுக்கும் 0.320 அங்குலம். லோபின் அசைவை 1.5 மடங்காக்கி வால்வுக்குத் தரும் இப்போதுள்ள 1.5 விகித ராக்கர்களோடு வால்வு 0.480 அங்குலம் திறக்கும். 1.6 விகித ராக்கர் போட்டால் செலவில்லாமல் இன்னும் சக்தி கூடும் என்று நண்பர் ஒருவர் வற்புறுத்துகிறார். வால்வை மூடுவதற்காக நான் பார்த்து வைத்துள்ள ஸ்பிரிங் 1.700 அங்குல உயரத்தில் பொருத்தும்போது 110 பவுண்டு அழுத்தம் தரும். அதன் விறைப்பு அங்குலத்துக்கு 350 பவுண்டு. சுருள்கள் ஒன்றோடொன்று முட்டும் உயரம் 1.150 அங்குலம். வண்டி அவ்வப்போது டிரெய்லர் இழுக்கும். 5,500 ஆர்பிஎம்முக்கு மேல் ஓட்ட மாட்டேன். இந்த ஸ்பிரிங் இரண்டு விகிதத்துக்கும் பொருந்துமா?

பதில் 1

முதலில் கணக்கைப் போட்டுப் பாருங்கள், பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும். 1.5 விகிதத்தில் வால்வு முழுதாகத் திறக்கும்போது ஸ்பிரிங்கின் உயரம் 1.220 அங்குலமாகக் குறையும். சுருள்கள் முட்ட இன்னும் 0.070 அங்குலம் மீதமிருக்கும். பொதுவாக 0.060 அங்குலமாவது வேண்டும் என்பார்கள். ஆகவே இது சரி. 1.6 விகிதத்தில் திறப்பு 0.512 அங்குலமாகி, மீதம் 0.038 மட்டுமே நிற்கும். அதே ஸ்பிரிங்கை அந்த விகிதத்தோடு நான் ஒருபோதும் பொருத்த மாட்டேன்.

சுமையையும் பாருங்கள். முழுத் திறப்பில் 1.5க்கு 278 பவுண்டும் 1.6க்கு 289 பவுண்டும் வருகின்றன. வித்தியாசம் சிறியது போலத் தெரியும். ஆனால் லோபுக்கும் ராக்கருக்கும் இடையிலுள்ள லிஃப்டரும் புஷ் ராடும் தாங்குவது இந்தச் சுமையை ராக்கர் விகிதத்தால் பெருக்கிய தொகையை. 417 பவுண்டாக இருந்தது 462 ஆகிவிடும். ராக்கரைத் தாங்கும் ஸ்டட்டை மேல்நோக்கி இழுக்கும் விசை இதைவிடவும் அதிகம். கிடைக்கும் பலனோ 0.032 அங்குலக் கூடுதல் திறப்பு. காற்றுவழியை (போர்ட்) கடையாத வோர்ட்டெக் ஹெட்டில் 0.500 அங்குலத்துக்கு மேல் இன்டேக் காற்றோட்டம் பெரிதாக உயர்வதில்லை. டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு 1.5 விகிதமே என் தேர்வு.

பழைய ஸ்பிரிங்குகளை மீண்டும் போடலாம் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். அவை புதிதாக இருந்தபோதே அமர்வு அழுத்தம் (வால்வு மூடியிருக்கும்போது உள்ள அழுத்தம்) சுமார் 80 பவுண்டுதான். ரோலர் லிஃப்டர் தட்டை லிஃப்டரைவிடக் கனமானது, புதிய லோபின் சரிவும் செங்குத்தானது; அழுத்தம் போதாவிட்டால் உயர் வேகத்தில் லிஃப்டர் லோபை விட்டு எழும்பி, வால்வு மூடும்போது துள்ளும்.

பதில் 2

மேலே சொன்ன கணக்கை ஏற்கிறேன். ஆனால் ஹெட்டைக் கழற்றாமல் இந்த வேலையை முடிக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. வோர்ட்டெக் ஹெட்டில் ஸ்பிரிங்குக்கு முன்பே தடையாக நிற்பது ஸ்பிரிங்கின் மேல்மூடியான ரிடெய்னருக்கும் வால்வுத் தண்டு நுழையும் கைடின் சீலுக்கும் இடையிலுள்ள குறுகிய இடைவெளி. ஆலை அமைப்பில் 0.460 அங்குலத்தைத் தாண்டும்போதே இதை அளந்து பார்ப்பது கட்டாயம். மென்மையான சோதனை ஸ்பிரிங்கோடு ரிடெய்னரையும் பூட்டுகளையும் பொருத்தி, ரிடெய்னர் சீலைத் தொடும் வரை வால்வை இறக்கி, அந்தத் தூரத்தை அளவெடுங்கள். அதிலிருந்து 0.480ஐக் கழித்த பிறகு 0.060 அங்குலம் மிஞ்ச வேண்டும். பதினாறு வால்வுகளையும் தனித்தனியாக அளக்க வேண்டும். ஒன்றை அளந்துவிட்டு மற்றவையும் அப்படியே என்று கொள்வது ஆபத்தானது.

ஸ்டட்டுகளையும் கவனியுங்கள். இந்த ஹெட்டில் அவை அழுத்திச் செருகப்பட்டவை, மரையில் முறுக்கப்பட்டவை அல்ல. அழுத்தம் கூடும்போது சிறிது சிறிதாக மேலேறிவிடக்கூடும் என்பதால், ஹெட் பட்டறையில் இருக்கும்போதே மரை வைத்த 3/8 அங்குல ஸ்டட்டுகளுக்கு மாற்றிவிடுங்கள். உங்கள் ராக்கர்கள் வால்வுத் தண்டின் நுனியைத் தாமே கவ்வி நேராக நிற்கும் வகை. இவற்றோடு, புஷ் ராடை நேராக நிறுத்தும் கைடு பிளேட்டையும் பொருத்தினால் ஒரே ராக்கரை இரண்டு உறுப்புகள் இரு வேறு திசைகளில் வழிநடத்தும். இரண்டில் ஒன்றுதான் இருக்க வேண்டும். கைடு பிளேட்டைத் தேர்ந்தால், சாதாரண ராக்கரும் கடினப்படுத்திய புஷ் ராடும் வாங்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. உங்கள் சொல்லைக் கேட்டு ஹெட்டுகளைக் கழற்றி அளந்தேன். பதினைந்து வால்வுகளில் ரிடெய்னர் இறங்கும் தூரம் 0.520 அங்குலத்துக்கு அருகில் உள்ளது. ஒன்றில் மட்டும் 0.505. அதாவது 0.060 மிச்சம் வைத்தால் 0.480 திறப்புக்கே இடம் போதவில்லை. ஸ்பிரிங் பொருத்தும் உயரமும் சில இடங்களில் 1.730 வரை இருக்கிறது. கைடைக் கடைந்து தாழ்த்துவதா, தேன்கூடு வடிவ ஸ்பிரிங்குக்கு மாறுவதா?

பதில் 2

அந்த 0.505 வால்வை நீங்கள் கண்டுபிடித்ததே இந்த வேலையைக் காப்பாற்றியிருக்கிறது. தேன்கூடு வடிவத்தையே பரிந்துரைக்கிறேன். மேல்புறம் குறுகுவதால் அதன் ரிடெய்னர் சிறியது, எடையும் குறைவு. அடிப்பகுதியின் விட்டம் 1.250 அங்குலமாக இருந்தால் ஹெட்டின் இருக்கையைக் கடையாமலே அமர்ந்துவிடும். இருந்தாலும் புதிய ரிடெய்னரோடு பதினாறையும் மீண்டும் அளந்து, எங்காவது 0.060 குறைந்தால் அந்தக் கைடுகளை மட்டும் கடையச் சொல்லுங்கள்.

1.730 உள்ள இடங்களில் ஸ்பிரிங்கின் அடியில் 0.030 அங்குல ஷிம் (தகட்டு வளையம்) வையுங்கள். அது வைக்காவிட்டால் உங்கள் பழைய தேர்விலேகூட அமர்வு அழுத்தம் பத்துப் பவுண்டுக்குச் சற்று மேல் குறைந்திருக்கும்.

பதில் 1

ஹெட்டைத் திரும்பப் பொருத்தும்போது இன்னும் இரண்டு சோதனைகள் உள்ளன. வால்வு பிஸ்டனை நெருங்கும் இடத்தில் களிமண் வைத்துச் சுற்றிப் பார்த்து, இன்டேக்கில் 0.080 அங்குலமும் எக்ஸாஸ்ட்டில் 0.100 அங்குலமும் இருப்பதை உறுதி செய்யுங்கள். அடுத்து, வால்வுத் தண்டின் நுனியில் மார்க்கர் மை பூசி, கையால் இரண்டு முறை இன்ஜினைச் சுழற்றுங்கள். ராக்கர் விட்டுச் சென்ற தடம் நடுவிலும் ஒடுக்கமாகவும் இருந்தால் புஷ் ராடின் நீளம் சரி. அகன்றோ ஓரத்திலோ இருந்தால் நீளத்தை மாற்றாமல் மேற்கொண்டு பூட்டாதீர்கள். லிஃப்டர் உறுதியாக நின்றால்தான் இந்தத் தடத்தை நம்ப முடியும் என்பதால், சோதனைக்கென்று ஒரு திட லிஃப்டரைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

அப்படியே செய்கிறேன். 1.5 ராக்கர், தேன்கூடு ஸ்பிரிங், மரை ஸ்டட் என்று முடிவு செய்து ஹெட்டுகளைப் பட்டறையில் கொடுத்துவிட்டேன். அவை திரும்பி வந்ததும் பதினாறு அளவுகளையும் இங்கே எழுதுகிறேன்.