காசில்லாதவர்கள் காதலிக்கும் பிரிட்டிஷ் படம் ஏதாவது சொல்லுங்கள்

கடைசி பெஞ்ச்:
பிரிட்டிஷ் ரொமாண்டிக் காமெடி என்று தேடினால் திரும்பத் திரும்ப அதே லண்டன், அதே பெரிய வீடு, அதே கல்யாண விருந்துதான் வருகிறது. 'நாட்டிங் ஹில்' நாயகன் கடையில் வியாபாரமே நடக்காது, ஆனாலும் குடியிருப்பு விலை உயர்ந்த அந்த ஏரியாவில். கோபமெல்லாம் இல்லை, நானே பத்து தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் போன வாரம் தற்செயலாக 'லெட்டர் டு பிரெஷ்னேவ்' (1985) பார்த்தேன், அப்போதிலிருந்து இதே நினைப்பு. லிவர்பூலில் இரண்டு தோழிகள். டெரசா கோழி ஆலையில் வேலை செய்கிறாள், எலெய்னுக்கு வேலையே இல்லை. சோவியத் கப்பலிலிருந்து ஒரு ராத்திரிக்கு மட்டும் இறங்கி வரும் இரண்டு மாலுமிகளை சந்திக்கிறார்கள், அவ்வளவுதான் கதை, ஆனால் ஒரு படம் பார்த்து இப்படி வாய்விட்டுச் சிரித்து ரொம்ப நாளாகிவிட்டது.

இதே மாதிரி சின்ன பட்ஜெட்டில், உழைக்கிறவர்களை வைத்து எடுத்த காதல் காமெடி வேறு என்ன இருக்கிறது? அழ வைக்கிற படம் வேண்டாம், அது நிறையவே பார்த்தாயிற்று. அப்புறம் ஒரு சந்தேகம், சோவியத் தலைவர் பிரெஷ்னேவ் 1982லேயே இறந்துவிட்டாரே, 85இல் வந்த படத்தில் எலெய்ன் அவருக்கு எப்படிக் கடிதம் போடுகிறாள்?

ரீல்பெட்டி:
சந்தேகத்துக்கு முதலில். அது ஃபிராங்க் கிளார்க் முன்பே எழுதிய மேடை நாடகம், அதையே அவர் படத்துக்கான திரைக்கதையாக எழுதினார், தலைப்பும் கூடவே வந்துவிட்டது. படம் வந்தபோது சோவியத் தலைவர் நாற்காலியில் கோர்பச்சேவ் உட்கார்ந்திருந்தார், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டெரசாவாக வரும் மார்கி கிளார்க், ஃபிராங்க் கிளார்க்கின் கூடப் பிறந்த சகோதரிதான். எலெய்னாக வரும் அலெக்சாண்ட்ரா பிக், 'புரூக்சைட்' என்ற லிவர்பூல் தொலைக்காட்சித் தொடரில் நடித்தவர், அந்தத் தொடருக்கும் கிளார்க் எழுதியிருக்கிறார். கையில் காசில்லை என்றால் இப்படித்தான், பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களை வைத்து எடுக்க வேண்டியதுதான்.

அந்தக் காலத்தில் இது சாத்தியமானதற்கு சேனல் 4 என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சி ஒரு பெரிய காரணம். 1982இல் தொடங்கிய கையோடு சின்னப் படங்களுக்குப் பணம் போட ஆரம்பித்தார்கள். 'மை பியூட்டிஃபுல் லாண்ட்ரெட்' (1985) அப்படி வந்ததுதான், தொலைக்காட்சிக்கென்று 16 மி.மீ. பிலிமில் எடுத்தார்கள், எடின்பரோ விழாவில் கிடைத்த வரவேற்பைப் பார்த்துத் தியேட்டருக்கு அனுப்பினார்கள். வேடிக்கை என்னவென்றால் அதைத் தயாரித்த வொர்க்கிங் டைட்டில் கம்பெனிதான் பிற்பாடு நீங்கள் சொல்கிற 'நாட்டிங் ஹில்'லையும் எடுத்தது.

தலைமாடு கால்மாடு:
நான் இந்த வகைப் படங்களை வேறு மாதிரி பிரிப்பேன். பணக்காரக் காதல் படத்தில் இரண்டு பேரைப் பிரிப்பது ஏதோ ஒரு தப்பபிப்பிராயம், கடைசியில் ஓடிப்போய் விளக்கம் சொன்னால் சரியாகிவிடும். ஏழைக் காதல் படத்தில் பிரச்சினை அதுவல்ல, உட்கார்ந்து பேச ஒரு இடம் கிடைக்காது! வீட்டில் ஆள் இருப்பார்கள், வெளியே மழை, கடைசி பஸ் வேறு போய்விடும். 'பிரெஷ்னேவ்' படத்திலேயே பாருங்கள், அந்த ஒரு ராத்திரிக்கு ஓட்டல் அறை வேண்டும், அதற்குப் பணம் எப்படி வந்தது என்று யோசியுங்கள். டெரசா அடித்த பர்ஸ்தான்.

'பியூட்டிஃபுல் திங்' (1996) அவசியம் பாருங்கள். லண்டனின் தென்கிழக்கே தேம்ஸ்மீட், நகராட்சி வாடகைக்கு விடும் கான்கிரீட் குடியிருப்பு, அடுத்தடுத்த வீட்டுப் பையன்கள் ஜேமியும் ஸ்டீயும். ஸ்டீயை வீட்டில் அடிப்பார்கள், அதனால் ஜேமியின் அம்மா அவனைத் தன் வீட்டில் படுக்கச் சொல்கிறாள். இருப்பது ஒரே கட்டில். இரண்டு பேரும் தலைமாடு கால்மாடாகப் படுக்கிறார்கள், காதல் அங்கேதான் ஆரம்பிக்கிறது (என் பெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்). வீடு பெரிதாக இருந்திருந்தால் கதையே இல்லை. பாரில் வேலை செய்யும் அந்த அம்மா பேசுகிற ஒவ்வொரு வரியும் பட்டாசு.

'அலி அண்ட் ஆவா' (2021) பிராட்ஃபோர்டில் நடக்கிறது. அலி தெற்காசிய வம்சாவளி, மனைவியோடு மனம் பிரிந்தும் அதே வீட்டில் இருக்கிறார். ஆவா பள்ளியில் உதவியாளர், பேரப்பிள்ளை எடுத்தவர். இவர்களுக்கும் இடமில்லை, அதனால் கார்தான். அலியின் காரின் மேல் பையன்கள் கல்லெறியும்போது அவர் பாட்டை சத்தமாக வைத்து அவர்களையே ஆட வைத்துவிடுவார், அந்த ஒரு காட்சிக்காகவே பார்க்கலாம்.

மழைக்காலம்:
பட்டியலெல்லாம் சரி, 'லாண்ட்ரெட்'டைக் காமெடி என்று நம்பி உட்கார்ந்தவர் திட்டப்போகிறார், அதில் அடிதடி இருக்கிறது.

நான் சொல்ல வந்தது பேச்சைப் பற்றி. லிவர்பூலில் மூன்று வருடம் படித்தேன். முதல் வாரம் பஸ் டிரைவர் என்னை 'லவ்' என்று கூப்பிட்டதும் எனக்கு முகமே சிவந்துவிட்டது. அப்புறம்தான் புரிந்தது, அது நம் 'கண்ணு' மாதிரி, கடைக்காரம்மா கூப்பிடுவார், ஆஸ்பத்திரியில் கூப்பிடுவார்கள், அதில் காதல் கீதல் ஒன்றும் கிடையாது. இந்தப் படங்களில் நகைச்சுவை பாதி இப்படித்தான் வருகிறது. ஊருக்கே 'லவ்' என்று வாய் நிறையச் சொல்கிறவர்கள், சொல்ல வேண்டிய ஒரே ஆளிடம் சொல்ல முடியாமல் திணறுவார்கள். தமிழ் சப்டைட்டிலில் 'அன்பே' என்று போட்டு வைத்தார்கள் என்றால் போச்சு, பஸ் டிரைவர் எல்லாரையும் காதலிக்கிற மாதிரி ஆகிவிடும்.

கடைசி பெஞ்ச்:
'கண்ணு' அருமை! இடம் கிடைக்காத காதல் என்ற கோணம் எனக்குத் தோன்றவே இல்லை, 'பிரெஷ்னேவ்' படத்தில் எலெய்னும் மாலுமி பீட்டரும் ராத்திரி முழுக்க பேசிக்கொண்டே இருக்கிறார்களே, அது இப்போது வேறு மாதிரி தெரிகிறது. கொஞ்சம் லேசாக, குடும்பத்தோடு பார்க்கிற மாதிரி ஒன்று?

ரீல்பெட்டி:
'கிரிகரீஸ் கேர்ள்' (1981). ஸ்காட்லாந்தில் கம்பர்னால்ட் என்ற புதுநகரம், பள்ளிக்கூட கால்பந்து அணிக்கு ஒரு பெண் வருகிறாள், ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த நெட்டையன் அவள் மேல் மயங்குகிறான், அவளோ இவனைவிட நன்றாக ஆடுகிறாள். பில் ஃபோர்சித் சுமார் 2 லட்சம் பவுண்டில் எடுத்தார், பையன்களில் பலர் கிளாஸ்கோ இளையோர் நாடகக் குழுவிலிருந்து வந்தவர்கள். வில்லன் கிடையாது, யாரும் யாரையும் அவமானப்படுத்துவதில்லை. ஒரே எச்சரிக்கை, அமெரிக்காவில் வெளியிட்டபோது பேச்சு புரியாது என்று குரலை மாற்றி டப் செய்தார்கள், அந்தப் பதிப்பு வேண்டாம்.

கடைசி பெஞ்ச்:
இன்று ராத்திரியே பார்க்கிறேன். என்னிடம் இருப்பது எந்தப் பதிப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மழைக்காலம்:
முதல் பத்து நிமிடம் ஒன்றுமே புரியவில்லை என்றால் சரியான பதிப்பு.