குரூப் 4 எழுதிய டைப் 1 சர்க்கரைக்காரர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். டைப் 1 (தினமும் இன்சுலின் ஊசி தேவைப்படும் சர்க்கரை நோய்) உள்ள தங்கை குரூப் 4க்குப் படிக்கிறாள். பாடத்தில் கவலை இல்லை, ஹாலில் உட்காரும் அந்த மூன்று மணி நேரம்தான்.

தேர்வு 9.30க்கு. ஏழரைக்கு ரெகுலர் வகை இன்சுலின் போட்டுச் சாப்பிட்டால், இரண்டிலிருந்து நாலு மணி நேரத்தில் அதன் வேகம் உச்சத்தில் இருக்கும். அதாவது சரியாகத் தேர்வு நேரம். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் (லோ) முதலில் வியர்வை, நடுக்கம். அப்புறம் கவனம் சிதறி, 57வது கேள்விக்கான விடையை ஓஎம்ஆர் விடைத்தாளில் 58ல் கறுப்பாக்கிவிடுவாள். பேனா என்பதால் அழிக்கவும் வழியில்லை. 15 கிராம் குளுக்கோஸ் வாயில் போட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி சர்க்கரை பார்க்க வேண்டும். 200 கேள்விக்கு 180 நிமிடம்தானே! லோ ஆகுமென்று பயந்து ஊசியை விடுவது அதைவிட மோசம், இரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறிவிடும்.

குளுக்கோமீட்டரும் குளுக்கோஸும் உள்ளே கொண்டுபோக முன்கூட்டியே யாரிடம் மனு கொடுத்தீர்கள்? மருத்துவச் சான்றில் என்னென்ன எழுதி வாங்கினீர்கள்? கையில் சர்க்கரை அளக்கும் சென்சார் ஒட்டியிருந்தால் வாசல் சோதனையில் விடுகிறார்களா? ரேபிட் (சீக்கிரம் வேலை செய்து சீக்கிரம் அடங்கும்) இன்சுலினுக்கு மாறியவர்கள், மாதிரித் தேர்வு நாட்களில் எந்தெந்த நேரம் சர்க்கரை பார்த்தீர்கள்? டோஸை டாக்டர் பார்த்துக்கொள்வார், ஹால் நடைமுறை மட்டும் சொல்லுங்கள்.