3எஸ் படகை 80-க்குத் தள்ளணும்: 6எஸ் பேட்டரியா, செட்டிங்கா?

கெப்போங்_தம்பி
வணக்கம் அண்ணன்மாரே. என்கிட்ட 65 சென்டிமீட்டர் டீப்-வீ ரிமோட் படகு ஒண்ணு இருக்கு. ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஹல் (படகு உடம்பு), 3660 மோட்டார், 2070 கேவி, 40 மில்லி பிளாஸ்டிக் புரொப் (புரொப்பெல்லர்). ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துற பெட்டி) 90 ஆம்பியர், 4எஸ், அதாவது நாலு செல் பேட்டரி வரைக்கும் தாங்கும்னு போட்டிருக்கு. 3எஸ்ல ஜிபிஎஸ் வச்சுப் பார்த்தா மணிக்கு 52 கிலோமீட்டர். எனக்கு 80 வேணும். கூட ஓட்டுறவங்க நேரா 6எஸ் போடுங்கிறாங்க, கடைக்காரர் 4எஸ் போதும்ங்கிறார். கையில அறுநூறு வெள்ளி (ரிங்கிட்) இருக்கு. எதுல போடலாம்?

செந்தூல்_வேகம்
6எஸ் போடு தம்பி, யோசிக்கவே வேணாம் லா. வோல்ட் ஏறினா ஆம்பியர் இறங்கும், ஆம்பியர் இறங்கினா சூடு இறங்கும். நம்ம ஊரு ஏரித்தண்ணி வெதுவெதுன்னுதான் இருக்கு, மூடியைச் சுத்தி டேப் வேற ஒட்டிடுறோம். உள்ள என்ன காத்தா போவுது? 4எஸ்ல 100 ஆம்பியர் இழுக்கறதை 6எஸ்ல 67-லயே முடிச்சிடலாம். ஒயர், ஈஎஸ்சி எல்லாமே நிம்மதியா இருக்கும்.

பழைய_ஃபிட்டர்
தம்பி, அவசரப்பட்டு எதையும் வாங்கிவிடாதீர்கள். மேலே சொன்னது பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பி 6எஸ் மாட்டினால் முதல் ஓட்டத்திலேயே புகை வரும்.

கேவி என்பது சுமையில்லாமல் ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு. 2070 கேவி மோட்டாருக்கு 6எஸ், அதாவது 22.2 வோல்ட் கொடுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 46,000 சுற்று. இந்த அளவுப் படகுகளுக்கு 30,000 பக்கம் வைத்துக்கொள்வதுதான் வழக்கம். புரொப்பெல்லர் விழுங்கும் சக்தி சுற்றுவேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். அதே மோட்டார், அதே புரொப், வோல்ட் மட்டும் இரட்டிப்பு என்றால் காகிதத்தில் சக்தி எட்டு மடங்கு, ஆம்பியர் நான்கு மடங்கு. குறையும் என்று எங்கே வந்தது? 3எஸ்ஸிலிருந்து 4எஸ்ஸுக்குப் போனால்கூட சக்தி 2.37 மடங்கு, ஆம்பியர் 1.78 மடங்கு ஏறும்.

செந்தூல்_வேகம்
அங்கிள், அதே மோட்டார்ல 6எஸ் போடச் சொல்லி யாரு சொன்னா? மோட்டாரையும் சேர்த்து மாத்தணும். 1500 கேவி எடுத்தா 22.2 வோல்ட்ல 33,300 சுற்று, கணக்கு சரியா வந்து உக்காருது. சுற்று அதேதான், வோல்ட் மட்டும் ஜாஸ்தி. இப்ப ஆம்பியர் குறையுமா குறையாதா?

அடுத்து "எடை கூடும்"னு சொல்லுவீங்க, அதுக்கும் இப்பவே பதில் சொல்லிடுறேன். 4எஸ் 5000 பேட்டரியில 74 வாட்-மணி. 6எஸ் 3300-ல 73. ஒரே சரக்கு, எடையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். செல் எண்ணிக்கையைப் பார்த்து யாரும் பயப்பட வேணாம்.

பழைய_ஃபிட்டர்
எடை பற்றிய கணக்கு சரி, அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் தம்பி கேட்டது அறுநூறு வெள்ளியில் என்ன செய்யலாம் என்று. புது மோட்டார், புது ஈஎஸ்சி, 6எஸ் பேட்டரி, அதைச் சார்ஜ் செய்ய ஒரு சார்ஜர். படகோடு வந்த சார்ஜர் 6எஸ்ஸைத் தொடாது. இத்தனைக்கும் பிறகு கையில் மிஞ்சுவது மாமாக் கடை தேத்தண்ணீருக்கு.

நான் வேறு பக்கமிருந்து பார்க்கிறேன். 3எஸ்ஸில் 11.1 வோல்ட், 2070 கேவி: ஏறக்குறைய 23,000 சுற்று. புரொப் 40 மில்லி, பிட்ச் அதைப்போல் 1.4 மடங்கு என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு 56 மில்லி முன்னே போக வேண்டும். பெருக்கினால் மணிக்கு 77 கிலோமீட்டர். ஓடுவதோ 52. காகித வேகத்தில் மூன்றில் ஒரு பங்கைக் காணோம்! சுமையில் சுற்று குறைவதும் தண்ணீரில் புரொப் வழுக்குவதும் கொஞ்சம் எடுக்கும், அதைத் தடுக்க முடியாது. மீதி செட்டிங்கில் போகிறது. அதைச் சரிசெய்துவிட்டு 4எஸ் போட்டால் போதும். ஓட்டைப் பானையில் வேகமாகத் தண்ணீர் ஊற்றி என்ன பயன்?

பிளாஸ்டிக் புரொப் வேகத்தில் வளையும், அதை முதலில் கழற்றுங்கள். ஸ்ட்ரட்டை (புரொப்பின் அச்சைப் பின்னால் தாங்கும் துண்டு) அடிமட்டத்துக்கு இணையாக, பூஜ்யம் டிகிரியில் வைத்துத் தொடங்குங்கள். அதன் வால் கீழே சாய்ந்தால் பின்பக்கம் தூக்கி மூக்கு தண்ணீரை உழும். மேலே சாய்ந்தால் மூக்கு எழும்பும், காற்று அடித்தால் படகு பின்னால் கவிழும். எடை மையம் பின்பலகையிலிருந்து நீளத்தில் 30 விழுக்காடு அளவில் இருக்கட்டும். குதித்துக் குதித்து ஓடினால் பேட்டரியை ஒரு விரல் முன்னே தள்ளுங்கள்.

மோட்டாரிலிருந்து புரொப்புக்குப் போகும் வளையும் தண்டான ஃபிளெக்ஸ் ஷாஃப்டை ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் உருவித் துடைத்து மரின் கிரீஸ் பூசுங்கள். பலர் இதைச் செய்வதே இல்லை. செந்தூல் ரயில் பட்டறைப் பக்கம் வளர்ந்தவனுக்குக் காய்ந்த ஷாஃப்ட் சத்தம் கேட்டாலே பல் கூசும்.

பட்டர்வொர்த்_அலை
ரெண்டு பேரும் கணக்கு வாத்தியாருங்க மாதிரி பேசுறீங்க. தம்பி எங்க ஓட்டுறார்னு யாருமே கேக்கலையே? கெப்போங் மெட்ரோபாலிடன் பார்க் ஏரின்னா கரையைச் சுத்தி ஆள் நடமாட்டம். தித்திவங்சா பக்கம் போனாலும் அப்படித்தான். 52-ல மோதுறதும் 80-ல மோதுறதும் ஒண்ணு இல்ல, அடியோட சக்தி 2.37 மடங்கு. (ஃபிட்டர் அண்ணன் 4எஸ்ஸுக்குச் சொன்ன அதே எண், வேடிக்கைதான்.) ஒன்றரைக் கிலோ படகு 80-ல வந்து கரையில நிக்கிற பிள்ளை காலுல பட்டா எலும்பு தாங்காது.

முதல்ல ஃபெயில்சேஃப், அதாவது சிக்னல் போனா மோட்டார் தானா நிக்கிறது, வேலை செய்யுதான்னு பாரு. புரொப்பைக் கழட்டிட்டு, மோட்டாரை மெதுவா ஓடவிட்டு, ரிமோட்டை ஆஃப் பண்ணு. மோட்டார் நிக்கலைன்னா அந்தப் படகு தண்ணியில இறங்கவே கூடாது. படகு மூழ்காம இருக்க மூக்குப் பக்கம் நுரைக்குழாய் வெட்டி அடைச்சு வை, நீச்சல்குளத்துல பிள்ளைங்க வச்சு விளையாடுறதே போதும். அப்புறம் அந்த மெல்லிசு ஏபிஎஸ் ஹல்ல 80-ங்கிறதே எனக்குப் பிடிக்கல. நாங்க இங்க கடல்ல சின்ன அலையில ஓட்டுறோம், ஃபைபர் ஹல்லே சில நாள் விரிசல் விடுது.

செந்தூல்_வேகம்
உங்களுக்கு உப்புத்தண்ணி, தினமும் பேரிங் கழுவணும். எங்க ஏரி காலையில கண்ணாடி மாதிரி கிடக்கும் அண்ணே. ஏழு மணிக்கு முன்னாடி வந்தா ஆளும் கம்மி, காத்தும் இல்ல. ஃபெயில்சேஃப் பத்தி சொன்னது ஓகே, அது யாரா இருந்தாலும் பண்ணணும்.

ஆனா ஃபிட்டர் அங்கிளோட திட்டத்துலயே ஒரு ஓட்டை இருக்கு. தம்பியோட படகு 3எஸ்ல ஒரு 55 ஆம்பியர் இழுக்குதுன்னு வைங்க. அங்கிளோட 1.78-ஆல பெருக்குங்க: 98. ஈஎஸ்சி 90. அதாவது அவர் சொல்ற சிக்கனமான 4எஸ்லயே ஈஎஸ்சி போயிடும். எப்படியும் ஈஎஸ்சி மாத்தணும்னா அப்புறம் ஏன் 4எஸ்?

பழைய_ஃபிட்டர்
நல்ல கேள்வி. பதில் புரொப்பில் இருக்கிறது. 40 மில்லியிலிருந்து 36-க்கு இறங்கினால், அதே வடிவத்தில், சுமை விட்டத்தின் ஐந்தாம் மடிக்கு ஏற்பக் குறையும்: ஏறக்குறைய 0.59 மடங்கு. 98 ஆம்பியர் 58-க்கு இறங்கிவிடும். பாதி நீருக்கு வெளியே சுழலும் புரொப்புக்கு இந்தக் கணக்கு அச்சு மாறாமல் பொருந்தாதுதான், ஆனால் திசை இதுதான். காகித வேகம் 93, செட்டிங் நன்றாக இருந்தால் 70-ஐ எட்டும். அந்த வேகம் இந்த ஹல்லுக்குப் போதும் என்பது என் கருத்து.

80-தான் வேண்டும் என்றால் இந்த 90 ஆம்பியர் ஈஎஸ்சியை வைத்துக்கொண்டு முடியாது. அதை மறைக்கவில்லை.

செந்தூல்_வேகம்
அதானே! தம்பி கேட்டது 80. 70 வேணும்னு அவர் கேக்கவே இல்ல. 36 மில்லி வாங்கி, அப்புறம் 40, அப்புறம் ஈஎஸ்சி, கடைசியில 6எஸ். எல்லாத்தையும் ரெண்டு தடவை வாங்கப் போறார்.

புரொப் வாங்கும்போது செம்பு நிறத்துல வர்றதை எடுத்து நீயே கூர் தீட்டு, டிரெமல் (கையில பிடிச்சுத் தீட்டுற சின்ன மெஷின்) இருந்தா ஒரு மணி நேர வேலை. அதுலயே நாலஞ்சு கிலோமீட்டர் ஏறும்.

பழைய_ஃபிட்டர்
டிரெமல் என்று சொல்லிவிட்டு இப்படிப் போய்விடாதீர்கள்! அந்தச் செம்பு நிறப் புரொப்களில் பல பெரிலியம் கலந்தவை. தூள் நுரையீரலுக்குள் போனால் ஆயுளுக்கும் விடாத நோய் வரும். உலர்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது. தண்ணீருக்குள் வைத்து உப்புத்தாளில் கையால் தேய்க்க வேண்டும், நல்ல முகக்கவசம் வேண்டும், சமையலறைப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. புதிதாகச் செய்கிறவர் கடைந்த அலுமினியமோ எவர்சில்வரோ வாங்கிக்கொள்வது நல்லது. பேலன்ஸ் மட்டும் பாருங்கள், ஆட்டம் இருந்தால் ஸ்ட்ரட் புஷ் தேய்ந்துவிடும்.

பட்டர்வொர்த்_அலை
இதுல நான் ஃபிட்டர் அண்ணன் பக்கம். லிப்போ பேட்டரியையும் கவனி தம்பி. வெயில்ல நிக்கிற காடியோட பின்பெட்டிக்குள்ள போட்டு வைக்காதே. ஒரு வாரம் ஓட்டலைன்னா செல்லுக்கு 3.8 வோல்ட்ல வச்சிடு.

கெப்போங்_தம்பி
எல்லாத்தையும் படிச்சேன், தலை சுத்துது, ஆனா ஒரு வழி தெரியுது. இப்போதைக்கு 2 முதல் 6எஸ் வரை தாங்குற 120 ஆம்பியர் ஈஎஸ்சி, ஒரு 4எஸ், 36 மில்லி அலுமினியப் புரொப். மோட்டார் பழசு. 6எஸ் மோட்டாரும் சார்ஜரும் தீபாவளி போனஸ் வந்தா பாக்கலாம். ஒரு சந்தேகம்: ஷாஃப்ட்டை மாட்டும்போது டிரைவ் டாக்கை (புரொப்பைப் பிடிச்சுச் சுத்துற துண்டு) ஸ்ட்ரட்டோட ஒட்டி வைக்கலாமா? இப்ப ஒட்டித்தான் இருக்கு.

பழைய_ஃபிட்டர்
ஒட்டி வைக்காதீர்கள். சுமையில் முறுக்கேறும்போது ஃபிளெக்ஸ் ஷாஃப்ட் நீளம் குறையும், இடைவெளி இல்லையென்றால் டாக் ஸ்ட்ரட்டை இறுக்கிப் பிடித்துச் சூடாக்கும், மோட்டார் பேரிங்கையும் இழுக்கும். நான்கு ஐந்து மில்லி விடுங்கள். உங்கள் 52-க்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், பேட்டரி வாங்குமுன் இதைச் சரிசெய்து 3எஸ்ஸிலேயே ஒருமுறை அளந்து பாருங்கள்.

செந்தூல்_வேகம்
அளந்து பாரு, நம்பரை இங்க போடு. 60 தாண்டலைன்னா என் பழைய 1500 கேவி மோட்டாரைக் குறைஞ்ச விலைக்குத் தர்றேன், செந்தூல் வந்து எடுத்துக்கோ.