தினசரி ஓட்டத்துக்கு எந்த எஸ்யூவி? நெல்லைச் சீமை அனுபவங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து:

வீடு பாளையங்கோட்டையில், பணி அம்பாசமுத்திரத்தில். போக வர நாளொன்றுக்கு 70 கிலோமீட்டர், மாதத்துக்கு 24 நாள் என்று வைத்தால் ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓடிவிடும். பத்து ஆண்டுகள் உழைத்த சிறிய காரை மாற்றும் கட்டம் வந்தபோது நானும் முதலில் மயங்கியது மைலேஜ் எண்ணில்தான். கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் என்ற இரு எஸ்யூவிகளின் ஸ்ட்ராங் ஹைபிரிட் (பெட்ரோல் எஞ்சினோடு மின்கலத்தில் ஓடும் மோட்டாரும் சேர்ந்த) வகைக்கும் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் என்றும், கிரெட்டா டீசல் மேனுவலுக்கு 21.8 என்றும் போட்டிருந்தார்கள். இவையெல்லாம் ஆய்வகத்தில், உருளைகளின் மேல் சக்கரத்தைச் சுழலவிட்டு எடுக்கும் எண்கள். பத்தமடைக்கும் சேரன்மகாதேவிக்கும் நடுவே வைக்கோல் ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்து போகும் கவலை அங்கே கிடையாது.

ஒரு விற்பனை நிலையத்தில் ஓட்டிப் பார்க்கக் கேட்டபோது, நான்குவழிச் சாலையில் ஐந்து நிமிடம் ஓடவிட்டுத் திருப்பிக் கூட்டி வந்துவிட்டார்கள். அந்தச் சாலையில் மாட்டுவண்டிகூடச் சுகமாகத்தான் இருக்கும். இன்னோரிடத்தில் வற்புறுத்திக் கேட்டு, அம்மாவைப் பின்னிருக்கையில் அமர்த்தி, டவுன் ரத வீதிகளைச் சுற்றி, சுலோச்சன முதலியார் பாலத்து நெரிசலில் நின்று நின்று திரும்பினேன். அம்மாவுக்கு வயது எழுபத்து நான்கு. முழங்கால் வலியும் உண்டு. பழைய காரில் இருக்கைக்குள் விழுவதுபோல் உட்கார்ந்து, இறங்கும்போது என் கையைப் பிடித்துத்தான் எழுவார். அதற்கு முந்தைய வாரம் பார்த்த மிக உயரமான வண்டியிலோ, படியில் கால் எட்டாமல் வாசலிலேயே நின்றுவிட்டார். அன்று ஓட்டிப் பார்த்த ஹைபிரிடில் கதவைத் திறந்ததும் இருக்கையின் விளிம்பு அவருடைய இடுப்புக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது. முதலில் உட்கார்ந்துகொண்டு, பிறகு ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்து வைத்தார். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வேகத்தடைகளில் முன்னிருக்கையைப் பிடிக்க அவருடைய கை நீளவில்லை என்பதைக் கண்ணாடியில் கவனித்தேன். பாதி முடிவு அங்கேயே ஆகிவிட்டது.

அந்த ஹைபிரிட் இரண்டில் ஒன்றைத்தான் வாங்கினேன். ஒரே பங்க்கில், குழாய் தானாக நிற்கும்வரை நிரப்பி, மறுமுறை நிரப்பும்போது ஓடிய தூரத்தை லிட்டரால் வகுத்துப் பார்த்ததில் 22 முதல் 23 வரை கிடைக்கிறது. வண்ணார்பேட்டை நெரிசலில் எஞ்சின் பெரும்பாலும் அணைந்தே கிடக்கிறது, ஏசி மட்டும் மின்கலத்தில் ஓடுகிறது. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் மின்கலத்துக்குக் கொஞ்சம் சார்ஜ் ஏறுகிறது. குறை ஒன்றே: அந்த மின்கலம் டிக்கியின் அடியில் இடத்தை எடுத்துக்கொள்வதால், சாமான் வைக்கும் இடம் சிறுத்துவிடுகிறது.

வள்ளியூரிலிருந்து:

அண்ணாச்சி, தங்கள் சாலைக்கு அது சரி. நான் வியாபாரத்துக்காக வாரம் இருமுறை மதுரைக்குப் போய்வருபவன். நாங்குநேரி சுங்கச்சாவடியைத் தாண்டிவிட்டால் ஒரே சீரான வேகம்தான். நெரிசலில் நின்று நகரும்போது ஹைபிரிட் காட்டும் சிக்கனம் அத்தகைய ஓட்டத்தில் குறைந்துவிடும் என்பதால் டீசலையே எடுத்தேன். ஆனால் ஊருக்குள் மட்டும் ஓட்டுபவர்களுக்கு டீசலை நான் சொல்லமாட்டேன். 2020-இல் வந்த பிஎஸ் 6 என்ற புகைக்கட்டுப்பாட்டு விதிக்குப் பிறகு, புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று டீசல் வண்டிகளில் இருக்கிறது. நீண்ட ஓட்டத்தில் சூடேறினால்தான் அந்தக் கரி எரிந்து தீரும். கடைத்தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்குமாக ஓட்டினால் அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும். என் மைத்துனர் அந்த விளக்கோடு இரண்டு முறை சர்வீஸுக்கு அலைந்தார்.

இன்னொன்று. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று முப்பந்தல் பக்கம் பக்கவாட்டில் அடிக்கும்போது, உயரமான வண்டி எதுவானாலும் ஸ்டியரிங்கில் இழுப்பது தெரியும். நாகர்கோவில் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் அந்த மாதங்களில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டுவது நல்லது.

தென்காசியிலிருந்து:

மாதம் 600 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறேன். லிட்டருக்கு 15 தரும் சாதாரணப் பெட்ரோல் வண்டிக்கு ஆண்டுக்கு 480 லிட்டர் ஆகும். 22 தரும் ஹைபிரிடுக்கு 327 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் மிச்சம் பதினையாயிரம் சொச்சம். விலை வித்தியாசம் இரண்டு லட்சம் என்றாலே அதை மீட்கப் பதின்மூன்று ஆண்டுகள் வேண்டும். ஆகவே மேனுவல் பெட்ரோலே போதும் என்று ஹோண்டா எலிவேட் வாங்கினேன். 220 மில்லிமீட்டர் தரை இடைவெளி இருப்பதால், தோப்புக்குப் போகும் வண்டிப்பாதையில் அடி தட்டியதில்லை. பாளையங்கோட்டை அண்ணாச்சி, உங்கள் ஹைபிரிடின் மின்கலம் போய்விட்டால் என்ன செய்வீர்கள்?

பாளையங்கோட்டையிலிருந்து:

அதற்கு எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் உண்டு. என் ஓட்டத்துக்கு இரண்டும் ஒரே சமயத்தில் முடியும். தங்கள் கணக்கையே என் 20,000 கிலோமீட்டருக்குப் போட்டால் ஆண்டுக்கு நாற்பத்திரண்டாயிரம் மிச்சம், ஐந்தாண்டுக்குள் இரண்டு லட்சம் திரும்பிவிடும். டிக்கிக்குத்தான் வழி தெரியவில்லை. அம்பை 16 அரிசி மூட்டையை இப்போதும் பின்னிருக்கையில், அம்மாவுக்குப் பக்கத்தில், பெல்ட் போட்டுத்தான் கொண்டுவருகிறேன்.