அதிகாலை 3 மணிக்குக் கலையும் தூக்கம்: எதை முதலில் செய்வது?

படுத்தவுடன் எளிதில் தூங்கிவிடும் எனக்கு, கடந்த 4 மாதங்களாக அதிகாலை 3 மணிக்கெல்லாம் விழிப்பு வந்துவிடுகிறது. அதன்பின் விடியும்வரை கண்ணயர முடிவதில்லை. வயது 42, படுக்கும் நேரம் இரவு 10.30 மணி. விழிக்கும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு வாய் வறண்டிருக்கிறது, கழுத்துக்கு அடியில் தலையணை வியர்வையில் நனைந்திருக்கிறது. குறட்டை இல்லை என்கிறார் என் மனைவி. பகலில் ஒரே வரியை மூன்று முறை படிக்க வேண்டியிருக்கிறது.

காஃபினில் பாதியளவு உடலைவிட்டு நீங்கவே சுமார் 5 மணி நேரம் ஆகும் என்பதால், நண்பகலுக்குப் பின் காபி குடிப்பதை 6 வாரங்களுக்கு முன்பே நிறுத்திவிட்டேன். கைப்பேசியை வேறு அறைக்கு மாற்றினேன். அதற்குப் பதிலாக வைத்த கடிகாரத்தின் ஓசையே புதுத் தொல்லையானதால் அதையும் அகற்ற வேண்டியதாயிற்று. தூக்கம் வராமல் 20 நிமிடம் கடந்தால் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் அமர்ந்து, கண் சொருகும்போது மட்டும் படுக்கைக்குத் திரும்புகிறேன். இதுவரை வாரத்தில் ஓரிரு நாளாவது பலன் தந்தது இது ஒன்றுதான். தைராய்டு, சர்க்கரை அளவுகள் இயல்பாக உள்ளன. மருத்துவர் தூக்க மாத்திரை எழுதித் தந்திருக்கிறார். காரணம் தெரியாமல் அதைத் தொடங்க மனம் ஒப்பவில்லை.

குறட்டை இல்லாவிட்டாலும், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று அறியும் பரிசோதனையை முதலில் செய்துகொள்வதா, அல்லது தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை (தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாத்திரையின்றி மாற்றப் பயிற்றுவிக்கும் முறை) தொடங்குவதா?